கனகாம்பிகையின் காலை நடை

நடந்ததைச் சொல்லுமுன் நான் அப்போது இருந்த நிலையைச் சொல்லிவிடுவது முறையாகும். மலாயாவில், சிம்பாங் அம்பாட் என்ற சிற்றூருக்கு அப்பால் உள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் பெரிய கிராணியாராக, அதாவது தலைமைக் கணக்கராக, இருந்தேன். யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றில் ஆங்கிலமும் கணிதமும் கற்றுக் கப்பலேறி வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்து அலுவலகமான ஒரே கந்தோரில் ஒரே நாற்காலியில் அமர்ந்தவன். துரைமார் மூவர் மாறினர். என்மீது எவரும் ஒரு சொல் சொல்ல நேர்ந்ததில்லை. ரப்பர் விலை விழுந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களில் பாதி காலியாகி, அவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய அந்தக் கெட்ட காலத்தில் என் சம்பளம் குறைந்தது, மதிப்புக் குறையவில்லை. தோட்டத்துச் செம்மண் பாதையில் நான் எதிர்ப்பட்டால் சைக்கிளில் வருபவர் இறங்கி நிற்பர். அதே பாதையில் ஒரு நாள் காலை, கருவுற்றிருந்த என் மகளின் பக்கத்தில், அவளுடைய மெல்லிய நடைக்கு என் நடையை ஒடுக்கிக்கொண்டு நான் நடந்தபோது, இறங்கி நிற்பதா, பாராதது போல் போய்விடுவதா என்று தெரியாமல் அவர்கள் தடுமாறினர். இந்த நாட்டில் எங்கள் வீட்டுப் பெண்கள் பாதையில் நடப்பதில்லை. தகப்பன் உடன் நடக்கும் வழக்கமோ எங்குமில்லை.

மகளின் பெயர் கனகாம்பிகை, வீட்டில் கனகம். சிறு வயதிலேயே தாயை மலேரியாவுக்குப் பறிகொடுத்தவள். மலாக்கா பட்டணத்தில் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்த, எங்கள் ஊர்ப் பகுதியையே சேர்ந்த ஒருவருக்கு அவளைக் கொடுத்தேன். அவர்கள் வீடு அந்தப் பட்டணத்துத் தெங்கேரா பகுதியில். முதற் பிள்ளை அங்கே இறந்து பிறந்தது. அந்தக் காலம் முழுவதும் அவளைக் கட்டிலை விட்டு இறங்க விடாமல் வைத்திருந்தார்கள். அதைக் குற்றமென்று நான் சொல்லவில்லை. தெரிந்த அளவில் அன்பாகவே செய்தார்கள். ஆனால் இரண்டாவது கரு தரித்தபோது, இதுவும் தங்காவிட்டால் மகனுக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்று சம்பந்தியம்மா கோயிலில் வைத்துச் சொன்னது என் காதுக்கு எட்டியது. பிள்ளை உயிரோடு பிறக்க வேண்டும், தாய் உயிரோடு எழ வேண்டும். எனக்கு வேறு எண்ணம் இருக்கவில்லை. மகளைத் தோட்டத்துக்கு அழைத்து வந்து, பட்டணத்து லேடி டாக்டரிடம் காட்டினேன்.

அந்த வெள்ளைக்காரப் பெண்மணி சோதித்து முடித்தபின், மகள் நாளொன்றுக்கு எவ்வளவு நடக்கிறாள் என்று கேட்டார். அவள் நடக்க வேண்டிய அவசியமே இல்லை, தண்ணீர் குழாயில் வருகிறது, சமையலுக்கு ஆள் இருக்கிறது, வெளியே போகக் கேட்டால் துரையின் மோட்டார் கிடைக்கிறது என்று நான் சற்றுப் பெருமையோடே விடையளித்தேன். மகளை எவ்வளவு செம்மையாக வைத்திருக்கிறேன் என்று அவர் மெச்சுவார் என எதிர்பார்த்தேன். அவரோ, அவளைச் சிறையில் அடைத்திருப்பதாக நான் ஒப்புக்கொண்டது போல் என்னைப் பார்த்தார். எக்ஸர்சைஸ் வேண்டும் என்றார். அந்தச் சொல் எனக்குக் கல்லூரி மைதானத்து டிரில்லையே நினைவூட்டிற்று. குடும்பப் பெண்ணுக்கு அது தகாது என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். வெயில் ஏறுமுன் சமதரையில் மெல்ல நடக்க வேண்டும், நடந்துகொண்டே பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகலாகாது, மூச்சு வாங்கினால் உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், பாரம் தூக்கலாகாது. கடும் தலைவலி, கண் மங்கல், முகமோ கையோ வீங்குதல், இரத்தம் காணுதல், இவற்றில் ஒன்று தோன்றினாலும் நடையை அக்கணமே நிறுத்தித் தம்மிடம் கொண்டுவர வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரி அரை மைல் தொலைவில் இருப்பதை அறிந்து, நாள்தோறும் அதுவரை நடந்துபோய், அங்குள்ள நர்ஸிடம் காலையும் முகத்தையும் காட்டி, கிழமைக்கொரு தடவை, அதாவது ஏழு நாளைக்கொரு முறை, நோய்க்குறி உண்டா என்று சிறுநீரைக் காய்ச்சிப் பார்க்கக் கொடுத்து, இளைப்பாறித் திரும்பட்டும் என்றார். நடையும் கண்காணிப்பும் இவ்வாறு ஒன்றாகப் பிணைந்தன. இதை வாசிப்போர் இந்தப் பிணைப்பை மனத்திற் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் இதைச் சொல்ல ஒரு மருத்துவர் வேண்டியிருக்கவில்லை. என் தமக்கை பிள்ளைகளைச் சுமந்த காலங்களில் கிணற்றில் நீர் அள்ளினாள், முற்றம் கூட்டினாள், கத்தரிக் கன்றுகளுக்கு வாய்க்கால் திருப்பினாள்; பனையோலை வேலிக்குள் பிறர் கண் படாமல் நாள் முழுவதும் நடந்தாள். அதை நடையென்று எவரும் எண்ணவில்லை. இங்கே தோட்டம் எங்களுக்கு மரவீடும் குழாய்த் தண்ணீரும் வேலையாளும் தந்தது; வேலியைத் தரவில்லை. வேலியில்லாத இடத்தில் மதிப்பைக் காப்பதற்காக எங்கள் பெண்கள் வீட்டுக்குள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். லயத்துப் பெண்களோ எட்டாம் மாதத்திலும் தோளில் தடி வைத்து இருபுறமும் ரப்பர்ப் பால் வாளிகளைத் தொங்கவிட்டு மேடு ஏறினார்கள். அது உடலுக்கு நன்மை செய்யும் பயிற்சியன்று; கேடு என்று டாக்டரே சொன்னார். ஒரு வகைப் பெண்கள் சுமையால் தேய, மற்றொரு வகையார் உட்கார்ந்தே தேய்ந்தனர். இடையில் டாக்டர் காட்டிய வழிக்கு எங்களிடம் ஒரு பெயர்கூட இருக்கவில்லை.

முதற் கிழமை எனக்குச் சங்கடமாகவே கழிந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் முனியம்மா வாளியை இறக்கி வைத்துவிட்டு, நான் கேட்கும்படியாகவே கனகத்தைக் கேட்டாள்.

"என்னாங்க சின்னம்மா, கிராணி ஐயா ஒங்களுக்கும் பெரட்டு போட்டுட்டாங்களா? முழுப் பேரா, அரைப் பேரா?"

"ஐயாட்டைக் கேளுங்கோ. பிந்தினா அரைப் பேர்தானாம்" என்றாள் கனகம்.

விடியற்காலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டுக்குப் பிந்துவோருக்கு நான் அரை நாட்கூலியே பதிவதை எண்ணி இருவரும் சிரித்தார்கள். நான் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கம்போங் என்னும் மலாய்க் கிராமத்தின் ஓரத்தில் பலகாரம் விற்ற மலாய்ப் பெண்மணி, காற்று வாங்கவா போகிறீர்கள் என்று தன் மொழியில் கேட்டார். ஆஸ்பத்திரிக்கு என்று நான் உண்மையைச் சொன்னேன். மகளுக்குக் கொடிய நோய் என்று எண்ணிக்கொண்ட அவர், அன்று முதல் எங்களைக் கண்டதும் இரக்கத்தோடு தலை குனிவார். 'சிஹாட், சிஹாட்', சுகமாக இருக்கிறேன் என்று கனகம் நாள்தோறும் அவருக்குச் சொல்லிக்கொண்டே போவாள். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

ஒரு நாள் கனகம் நின்றுவிட்டாள். "ஐயா, கதைச்சுக்கொண்டு நடக்கச் சொன்னவ டொக்டர். நீங்கள் ஒண்டும் கதைக்கிறியளில்லை. எனக்கு மூச்சு வாங்குதோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்?"

மகளிடம் பேசுவதற்கு என்னிடம் என்ன இருந்தது? யோசித்துப் பார்த்து, அவள் தாயாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கப்பலில் அவர் பட்ட பாடு, தோட்டத்துக்கு வந்த முதல் நாள் ரப்பர்ப் பாலின் நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதது, மலாய் தெரியாமல் சந்தையில் மீனுக்குப் பதில் உப்பு வாங்கி வந்தது. அவர் இறந்த பிறகு நான் எவரிடமும் பேசியறியாத செய்திகள் அவை. கனகத்துக்கு மூச்சு வாங்கவில்லை. அவள் முகம் தெளிந்தது, உறக்கம் நன்றாக வந்தது, பிள்ளை அசைவதை நர்ஸ் கண்டு மகிழ்ந்தாள். அந்த மாதங்களில் மகள் எனக்குப் பழக்கமானாள் என்றே எழுத வேண்டும்.

எட்டாம் மாதத்தில் சம்பந்தியம்மா வந்து சேர்ந்தார். பெண் துணையில்லாத வீட்டில் அவர் வந்து நிற்பதே முறை, நானும் அழைத்திருந்தேன். ஆனால் தெங்கேராவில் பரவியிருந்த பேச்சையும் அவர் உடன் கொண்டு வந்தார். படியேறும்போதே சொன்னார்: "சம்பந்தி, சம்பளம் குறைஞ்சுதெண்டா எங்களிட்டைச் சொல்லியிருக்கலாமே. கூலிச்சனம் மாதிரி என்ரை மருமகளை ஏன் ரோட்டிலை விடுறியள்?"

நான் டாக்டர் சொன்னவற்றை வரிசையாக எடுத்துரைத்தேன். வெள்ளைக்காரிக்கு எங்கடை உடம்பைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரே கேள்வியில் அவர் அதை முடித்தார். மருமகன் பட்டணத்திலிருந்து வந்து, தாயார் சொல்வதே தம் முடிவு என்றார். கட்டிக்கொடுத்த மகள்மீது எனக்கு அதற்குமேல் அதிகாரம் இல்லை. அது எங்கள் சமூகத்தின் சட்டம். கடல் கடந்தும் அது அழியவில்லை. நடை நின்றது. நர்ஸை வீட்டுக்கு வந்து பார்க்கும்படி நான் ஏற்பாடு செய்தேன். அவள் வந்திருக்கிறாள். லயத்துப் பிள்ளைப்பேறு பார்த்த கை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறாள். நான் கந்தோரில் இருந்தேன். இது எனக்குப் பின்னரே தெரிந்தது.

கனகம் பிள்ளைப்பேற்றுக்கென ஒதுக்கிய அறையில் கிடந்தாள். அங்கே ஆண்கள் போவதில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று நான் நாள்தோறும் கேட்டேன். "நடையை நிப்பாட்டி மூண்டு கிழமை ஆகேல்லை, முகம் எப்பிடிப் பூரிச்சுப் போச்சு" என்றார் சம்பந்தியம்மா. மனம் மகிழ்ந்தே சொன்னார். மெலிந்த பெண் சதை போட்டுவிட்டதாக அவர் உண்மையாகவே நம்பினார்; நேரில் காணாத நானும் நம்பினேன். மோதிரம் விரலில் இறுகியதையும் அவர் நல்ல அறிகுறியாகவே கொண்டார்.

மறுநாள் காலை நான் கந்தோருக்குப் புறப்படும்போது கனகம் அறைக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டாள். வழக்கத்தைப் பாராமல் வாசலில் போய் நின்றேன். அவள் முகம் அடையாளம் தெரியாதபடி வீங்கியிருந்தது.

"ஐயா, தலை வெடிக்குது. கண்ணுக்கை பூச்சி பறக்கிற மாதிரிக் கிடக்கு. டொக்டர் சொன்னது இதைத்தானே?"

நான் துரையின் மோட்டாரைக் கேட்டு ஓடினேன். வண்டியோடு திரும்பியபோது அவளுக்கு வலிப்புக் கண்டிருந்தது. மலாக்கா ஆஸ்பத்திரி வரை அவள் தலை என் மடியில் இருந்தது. பெண் குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். கனகம் கண் திறக்கவேயில்லை.

லேடி டாக்டர் என்னைத் தனியே அழைத்து, மகள் நர்ஸிடம் போவதை ஏன் நிறுத்தினாள் என்று கேட்டார். வீட்டார் நிறுத்தியதைச் சொன்னேன். பிறகு அவர் சொன்னார்: இந்த நோய் நடப்பதால் வருவதில்லை, படுப்பதாலும் வருவதில்லை. வீக்கம் தொடங்கியவுடன் கண்டிருந்தால் நடையைத் தாமே நிறுத்தி, இங்கே வைத்துப் பார்த்திருப்பார். அப்போதும் பிழைத்திருப்பாள் என்று தம்மால் உறுதி கூற முடியாது, ஆனால் முயன்றிருக்கலாம்.

அவள் சாம்பலை மலாக்காக் கடலில் கரைத்தேன். குழந்தையைச் சம்பந்தியம்மா யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போனார். ஊருக்குப் போய் வந்த ஒருவர், அந்தச் சிறுமியிடம் 'உன்ரை அம்மா நடந்து நடந்து செத்தவ' என்று சொல்லி, ஓடி விளையாட விடாமல் வளர்ப்பதாகக் கூறினார். இங்கேயும் எங்களவர் வீடுகளில் ஒரு பெண் கருவுற்றால் என் மகளின் பெயரைச் சொல்லியே அவளைக் கட்டிலில் கிடத்துகிறார்கள். எந்த மருத்துவரிடமும் காட்டுவதில்லை. இவ்வளவு காலம் குடும்பச் செய்தியை வெளியிடாதிருந்த நான் இப்போது எழுதுவது இதன் பொருட்டே. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், கப்பலேறத் தடையில்லை. பேத்தி அக்கரையில் இருக்கிறாள், மகள் இக்கரையில் இருக்கிறாள். ஒருத்தியிடம் போக மற்றவளை விட்டுத்தான் போக வேண்டும். இன்னும் பயணச்சீட்டு வாங்கவில்லை.

கனகாம்பிகை நடந்ததால் இறந்தாள் என்பது பொய். நடந்த நாட்களில் அவளுக்கு வீக்கம் இருக்கவில்லை. வலிப்பு வந்தபோது அவள் படுக்கையில் இருந்தாள். அதற்கு முந்திய ஏறக்குறைய மூன்று கிழமையாக அவள் வீட்டுப் படி இறங்கவில்லை, அவள் முகத்தைப் பார்க்க வந்த நர்ஸ் படியேற விடப்படவுமில்லை.