உரம் போடாத பாத்தி

தொண்ணூறுகளின் கடைசியில், இலங்கை மலைநாட்டில் பூனாகலைக்குக் கிட்ட ஒரு புல்வெளியைக் கொத்திக் கோதுமை போட்டிருந்தோம். தேயிலைத் தோட்டத்துச் சனம் மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டிதான் தின்கிறது. பயிரை ஒருவரும் கண்டதில்லை. வெறும் புல் முளைத்துக் கிடந்த அந்த மண்ணில், தண்ணீர் பாய்ச்சி உரம் போட்டால் எவ்வளவு விளையும் என்று பார்ப்பது என் உத்தியோகம். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த எனக்கு அந்தக் குளிர் அதற்குள் அலுத்துப்போயிருந்தது.

பாத்திக்குப் பாத்தி உரத்தின் அளவு வேறு. ஒன்றுக்கு மட்டும் தண்ணீர்தான், உரம் கிடையாது. அந்தப் பாத்தி இல்லாவிட்டால் மற்றவற்றை எதோடு ஒப்பிடுவது? இந்தப் போகம் ஒழுங்காக முடிந்தால்தான் வேலை தொடரும் என்று மேலதிகாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

களை எடுக்க வந்த பெண்களில் ஒருத்திக்கு முழங்கால் போய்விட்டது. கொழுந்துக்கூடையோடு மலை ஏறி இறங்க முடியாது. சமதரையில் குந்தியிருந்து செய்யும் இந்த வேலைதான் அவளுக்குப் பிழைப்பு. காலையில் எல்லோருக்கும் முந்தி வந்துவிடுவாள். அந்தப் பாத்திக்கு எதுவும் போடக்கூடாது என்று சொன்னபோது பலமாகத் தலையாட்டியவளும் அவள்தான்.

ஒரு நாள் காலை போய்ப் பார்க்கிறேன், மஞ்சளாய் நின்ற பாத்தியில் அங்கங்கே கரும்பச்சை. கையால் வீசிய யூரியா விழுந்த இடமெல்லாம் விசிறி மாதிரி விரிந்து கிடந்தது.

"ஆரம்மா இதுக்கு உரம் போட்டது?"

"நான்தாங்க ஐயா. மத்ததெல்லாம் பச்சையா இருக்கு, இது மட்டும் வாடிப்போயி நின்னுச்சு. மலையில தேயிலைச் செடி மஞ்சளா நின்னா ஒரு பிடி சேத்துப் போடுவோங்க. பாவமா இருந்துச்சு."

கத்த வேண்டும் போலிருந்தது. நடந்ததையும், இனி ஒப்பிட எதுவும் இல்லை என்பதையும் மேலதிகாரிக்குச் சொன்னேன். அறுவடையோடு மூடிவிடு என்று பதில் வந்தது.

கதிர் அறுத்த அன்று அவள் சந்தோஷமாக இருந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அடுத்த போகத்துக்கும் என்னையே கூப்பிடுங்க ஐயா. எல்லாத்தையும் ஒண்ணுபோல வளத்துக் காட்டுறேன்."

"அடுத்த போகம் இல்லையம்மா. இதோட சரி."

ஏன் என்று கேட்பாள், சொல்லிவிடுவோம் என்று நின்றேன். அவள் கேட்கவில்லை. எதிரே தெரிந்த தேயிலை மலையைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள்.

"அப்ப நாளையில இருந்து அங்கதாங்களா?"