பூவரசம் படத்துக்கு வந்த லேமினேஷன்

எங்க வூட்டுக்காரருக்கு லேமினேஷன் மேல அப்படி ஒரு நம்பிக்கை. ரேஷன் கார்டு, பள்ளிக்கூட சர்டிபிகேட், மாதா படம், எலெக்ட்ரீஷியன் நம்பர் எழுதின துண்டுச் சீட்டு, எல்லாத்தையும் பிளாஸ்டிக்ல போட்டு மூடிடுவார். எங்க தெருவுல எல்லா வூட்டுலயும் இதே கதைதான். காத்துல உப்பு, லாரிங்க கிளப்புற தூசி, மழைன்னா முழங்கால் தண்ணி. காகிதம் எத்தினி நாள் தாங்கும்? அது வரைக்கும் நியாயம்தான். என் பூவரசம் படத்துல கை வெச்சாரு பாருங்க, அங்கதான் வந்தது எனக்குக் கோவம்.

இந்த ஊர்ச் செடிகொடியைப் பத்தி வெள்ளைக்காரங்க காலத்துல போட்ட புத்தகங்கள்ல வர்ற படங்களை நான் சேர்க்கறேன். ராயபுரத்துல ஷிப்பிங் ஆபீஸ்ல பில் போடறவளுக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேக்காத ஆள் இல்ல. அந்தப் படங்கள்ல கோடு மட்டும்தான் அச்சு. கல்லுல வரைஞ்சு, மை தடவி, தாள்ல எடுப்பாங்க. கலர் முழுக்கக் கைவேலை. ஒவ்வொரு தாளுக்கும் ஒருத்தர் உக்காந்து தூரிகையால தீட்டணும். அதனால ஒரே படம் ரெண்டு கிடைச்சாலும் ரெண்டும் ஒண்ணு இல்ல. புத்தகமும் ஒரே மூச்சுல வராது. கொஞ்சம் படம், கொஞ்சம் எழுத்துன்னு பாகம் பாகமா வரும், வாங்கினவங்க சேர்த்து வெச்சு பைண்டு பண்ணிக்கணும். இப்ப வியாபாரிங்க அந்த பைண்டிங்கைக் கிழிச்சுப் பூவை மட்டும் தனியா விக்கிறாங்க. எது எந்தப் பாகத்துல வந்துச்சுன்னு நாம மண்டையை உடைச்சுக்கணும். வயித்தெரிச்சல்.

பூவரசம் படத்துல பூ மஞ்சள். கீழ வாடின பூ ஒண்ணு, செவப்பு. தீட்டின ஆள் இலை மேல மட்டும் பிசின் தண்ணி தடவியிருந்தார். வெளிச்சத்துல சாய்ச்சா நிஜ இலை மாதிரி மினுக்கும். ஆபீஸ்ல எவனாவது உசுரை வாங்கின அன்னிக்கு, வந்ததும் அதை எடுத்துச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பாப்பேன்.

வூட்டுக்காரர் துறைமுகத்துல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவர். என் படங்களைத் தழைக்கட்டுன்னுதான் சொல்வார். ஒண்ணைக்கூட நின்னு பார்த்ததில்லைன்னு நெனச்சுக்கினு இருந்தேன்.

ஒரு மழையில எண்ணெய் கலந்த தண்ணி வூட்டுக்குள்ள பூந்து, கீழ்த்தட்டுல இருந்த படமெல்லாம் கூழாப் போச்சு. ஈரத்தாளைக் கையில ஏந்திக்கினு அழுதேன். மாதா படம் மட்டும் ஒரு துணியால துடைச்சதும் பளிச்சுனு ஆயிடுச்சு. அன்னிக்கே அவர் மனசுல முடிவு பண்ணிட்டார் போல. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?

அடுத்த மழைக்கு முன்னாடி, ஒரு சனிக்கிழமை ஆபீஸ்ல இருந்து வர்றேன், மேசை மேல பூவரசு பளபளன்னு கெடக்குது. மெஷின் சூட்டுல இலை மேல இருந்த பிசின் இளகி பிளாஸ்டிக்கோட ஒட்டிக்கிச்சு. எந்தப் பக்கம் சாய்ச்சாலும் எங்க வூட்டு டியூப் லைட்தான் தெரியுது. ஓரத்துல கொஞ்சம் உரிச்சுப் பாத்தேன், பச்சை அதோடயே வந்துச்சு. உரிச்சாலும் போச்சு, விட்டாலும் போச்சு.

வாயில வந்தபடி கத்தினேன். எதிர் வூட்டு ஜன்னலே திறந்துச்சு. உனக்கு அறிவு கீதா இல்லியா, கண்ணு கீதா இல்லியா, நூறு வருஷத்துக்கு மேல தப்பிச்சு வந்தது உன் கையிலயா சாவணும்னு கேட்டேன். நான் ஓஞ்சப்புறம் அவர் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கினு சொன்னார்.

"மழை வரப்போவுது. மறுபடியும் நீ தாளைப் புடிச்சிக்கினு அழுவறத என்னால பாக்க முடியாதுமே."

அப்ப மத்ததையெல்லாம் ஏன் விட்டு வெச்ச, அதையும் கொண்டு போய் நாசம் பண்ண வேண்டியதுதானேன்னு நக்கலாக் கேட்டேன்.

"கடைக்காரன் இந்த சைஸுல கவர் ஒண்ணுதான் கீதுன்னான். ஒண்ணுதான்னா, உனக்கு எது உசுரோ அதக் காப்பாத்தணும்ல?"

எது உசுருன்னு அவர்கிட்ட நான் ஒரு நாளும் சொன்னதில்ல. கட்டுக்கு நடுவுல எங்கயோ இருந்த படம் அது. ஒவ்வொண்ணாப் புரட்டித்தான் எடுத்திருக்கணும். எரிச்சல் இன்னும் ஜாஸ்தியாச்சு. இனிமே இந்த மனுஷனை நிம்மதியாத் திட்டக்கூட முடியாது.