தண்ணீர் சிந்தாத ஸ்பிரிங்

எங்கள் கல்யாணப் போட்டோவில் என் இடது கையைத் தேடினால் கிடைக்காது. அங்கவஸ்திரத்துக்குள் ஒளித்து வைத்திருப்பேன். உள்ளே மாவுக்கட்டு. அந்த வருடம் அரியலூருக்குப் பக்கத்தில், தண்ணீர் வற்றிக் கிடந்த ஏரிக்குள் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் விழுந்து வாங்கியது. தாலியைக் கழுத்தருகே பிடித்தது மட்டும்தான் நான். மூன்று முடிச்சையும் போட்டது என் அக்கா. சண்டை வரும்போதெல்லாம் என் மனைவி, "நீங்களா கட்டுனீங்க? ஒங்க அக்காதான கட்டுனாங்க" என்பாள். 

எண்பதுகளின் தொடக்கம் அது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எனக்கு மேற்பார்வை வேலை. இரண்டு சைலன்சர் வைத்த பழைய வண்டி ஒன்று வைத்திருந்தேன். மற்ற நாட்களில் அது என்னை வேலைக்குச் சுமந்துபோகும். பந்தயம் என்றால் ஹெட்லைட்டையும் மட்கார்டையும் கழற்றிப் போட்டுவிட்டு உரித்த கோழியாக நிற்கும். திருச்சியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில்தான் மேடுபள்ளத்தில் ஓட்டும் பந்தயத்துக்கு 'மோட்டோகிராஸ்' என்ற சொல்லை முதலில் பார்த்தேன். படத்தில் ஒருவன் வண்டியோடு ஆகாயத்தில் நின்றுகொண்டிருந்தான். அந்தப் பக்கத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மறு வருடமும் அதே ஏரியில் பந்தயம் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். என் மனைவிக்கும் இறங்கவில்லை. அது வேறு காரணம்.

"இந்தத் தடவ விழுந்தீங்கன்னா வண்டி எங்கண்ணன் பட்டறையிலயே நிக்கட்டும். அப்புறம் பந்தயம்னு வாயத் தொறக்கக் கூடாது" என்றாள்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். "சரி, விழுந்தா விட்டுடறேன், போதுமா?" என்று கத்திவிட்டேன். கத்தி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. அவள் அதற்குள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆக, விழக் கூடாது. போன வருடம் ஏன் விழுந்தேன்? பந்தயப் பாதை ஏரிக்குள் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் கரைமேல் ஏறி அந்தப் பக்கம் குதிக்கும். நான் குதித்ததும் பின்சக்கரம் தரையில் அடித்து, அடித்த வேகத்தில் மேலே எழும்பி என்னைத் தூக்கி வீசியது. பின்னால் இருக்கும் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்குத் துணை என் மனைவியின் அண்ணன்தான். எனக்கு மச்சான். பெரம்பலூரில் ரோட்டோரம் லாரிப் பட்டறை வைத்திருந்தார். ஊர்ப்பட்ட லாரிகளுக்கெல்லாம் ஸ்பிரிங் பட்டை போட்டு நிமிர்த்துகிறவர். வண்டியைப் பார்த்ததுமே, "ஸ்பிரிங்கு நொந்து போச்சு மாப்ள. நல்ல கெட்டியா ஒண்ணு போட்டுட்டா யானை ஏறுனாலும் அசையாது" என்றார். எனக்கு அப்போதே கரையைத் தாண்டிவிட்ட மாதிரி இருந்தது.

இரண்டு பேரும் பஸ் ஏறித் திருச்சிக்குப் போனோம். பழைய வண்டிச் சாமான் கடை அது. பந்தலில் புடலங்காய் தொங்குகிற மாதிரி விட்டத்தில் ஷாக் அப்சார்பர்கள் தொங்கின. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதைப் பார்த்தாலும் ஆசையாக இருந்தது. கடைக்காரர் கடைசியில் இரண்டு ஜோடியைக் கீழே இறக்கினார். ஒன்று குட்டை; கட்டைவிரல் தடிமனுக்குக் கம்பி. இன்னொன்று நீளம், மெல்லிய கம்பி, நிறைய சுற்று. கப்பலில் வந்த ஏதோ வண்டியில் கழற்றியதாம்.

மச்சான் நீளமானதைத் தரையில் நிறுத்தி உள்ளங்கையால் அழுத்தினார். அது நிதானமாக உள்ளே போனது, நிதானமாக வெளியே வந்தது. அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னண்ணே இது, அமுக்குனா பூரி மாதிரி உள்ள போவுது! ஒரு மூட்ட தாங்குமா?"

"மூட்ட ஏத்தறவங்க இத வாங்க மாட்டாங்க" என்றார் கடைக்காரர்.

குட்டையானதன் மேல் மச்சான் இரண்டு கையையும் ஊன்றி முழு உடம்பையும் கொடுத்தார். அது இம்மிகூட அசையவில்லை. "இதான் சாமான்!" என்றார். நானும் ஊன்றிப் பார்த்தேன். அசையவில்லை. "இதான்!" என்று நானும் கத்தினேன். பக்கத்துக் கடையில் டீயும் வடையும் சாப்பிட்டு, அந்தக் கனத்தை மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தோம். மடி மரத்துப் போனது. இறக்கி வைக்க மனம் வரவில்லை.

பட்டறையில் பூட்டியதும் மச்சான் சோதனை வைத்தார். எங்கள் பக்கத்தில் வண்டியின் தரத்தைப் பார்க்க ஒரே சோதனைதான்: மூட்டை. கடலை மூட்டை இரண்டைப் பின்னால் ஏற்றினார். வண்டி தாழவில்லை. மூன்றாவதாக அவரே மேலே ஏறி உட்கார்ந்தார். அப்போதும் தாழவில்லை. பட்டறையில் இருந்த டிரைவர்களெல்லாம் கைதட்டினார்கள். நான் மிதந்துகொண்டே அரியலூர் திரும்பினேன். முதுகு மட்டும் ஏனோ வலித்தது.

அந்தக் கோடையில் எங்கள் தெருக் கிணறு அடிமண்ணைக் காட்டிவிட்டது. கீழப்பழுவூர் போகும் பாதையில் இருந்த அடிபம்பில் தண்ணீர் பிடித்து, பின்னால் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டிக் கொண்டுவருவேன். ஸ்பிரிங் மாற்றிய மறுநாளும் அப்படித்தான் கொண்டுவந்தேன். என் மனைவி குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நெறையத்தான புடிச்சீங்க? பாதிதான் வூட்டுக்கு வந்துருக்கு. மீதிய ரோடு குடிச்சுதா?"

"பாதை சரியில்ல."

"பாத நேத்தும் இப்படித்தான இருந்துச்சு. பழைய ஸ்பிரிங்குல வழியத் தளும்ப வந்துச்சே."

எனக்குச் சுருக்கென்றது. வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். கரைமேல் ஏறி, வேகத்தைக் குறைத்து, சின்னதாக ஒரு குதி குதித்துப் பார்த்தேன். வண்டி விழுந்த இடத்தில் நிற்காமல் தவளையாகத் தத்தித் தத்திப் போனது. ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு தப்பித்ததே பெரிய காரியம். பழைய ஸ்பிரிங்காவது ஒருமுறைதான் தூக்கிப் போட்டது. இது போகிற வழியெல்லாம் தூக்கிப் போட்டது.

மச்சானிடம் போய்ச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஸ்பிரிங்கு அசையவே இல்லையே மாப்ள, பின்ன என்ன?" என்றார். அவர் சொல்லி முடித்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அசையவில்லை, அதுதான் கோளாறு. அது அசையாததால் தரை கொடுத்த அடியெல்லாம் எனக்கு வந்தது, என் முதுகுக்கு வந்தது, குடத்துக்கு வந்தது. எத்தனை மூட்டை தாங்கும் என்று கேட்டே பழகியவர்கள் நாங்கள். எப்படிக் கீழே இறங்கும் என்று கேட்கத் தோன்றவே இல்லை. மச்சான் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரிப்பு வந்தது.

அடுத்த பஸ்ஸில் திருச்சிக்கு ஓடினோம். விற்றிருப்பாரோ என்று வழியெல்லாம் எனக்கு அடித்துக்கொண்டது. நீள ஜோடி அதே விட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டிப்பிடிக்காத குறை. கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே, "என்ன, பூரி வேணுமா?" என்றார். என்ன கேலி செய்தாலும் கேட்டுக்கொள்ளும் நிலையில் இருந்தோம். குட்டையை எடுத்துக்கொண்டு நீளத்தைக் கொடுத்தார்.

மச்சான் துளையைச் சரிசெய்து, அதற்குள் உட்காரும் புஷ் வளையம் கடைந்து பூட்டினார். முன்பக்க ஃபோர்க்கில் இருந்த பழைய எண்ணெயை வடித்துவிட்டு இன்னும் கெட்டியான எண்ணெய் ஊற்றினார். எல்லாம் முடித்து நான் ஏறி உட்கார்ந்தபோதுதான் ஒன்று தெரிந்தது. வண்டி உயர்ந்துவிட்டது. நான் அப்படியொன்றும் வளர்ந்தவன் இல்லை. கால் நுனி மட்டும்தான் தரையைத் தொட்டது.

"ஓடும்போது கால் எதுக்கு மாப்ள?" என்றார் மச்சான்.

இந்த முறை சோதனையை என் மனைவி நடத்தினாள். இரண்டு குடத்திலும் கழுத்துவரை ஊற்றி, தானே கயிறு கட்டி, உடையார்பாளையத்தில் அவர்கள் வீட்டு முந்திரிக்காட்டுக்குள் ஒரு சுற்றுப் போய்வரச் சொன்னாள். மேடும் பள்ளமும் வேருமாகக் கிடக்கும் பாதை. வண்டி தண்ணீரில் போகிற மாதிரி போனது. சக்கரம் மட்டும் ஏறி இறங்கியது. நான் இருந்த இடத்தில் இருந்தேன். யாருமில்லாத காட்டில் நான் பாட்டுக்கு 'ஹோ' என்று கத்தினேன். திரும்பி வந்து, தரை எட்டாததால் ஒரு மரத்தில் காலை முட்டுக்கொடுத்து நின்றேன். அவள் குடத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ம்" என்றாள். அவளிடம் 'ம்' வாங்குவது லேசு இல்லை.

பந்தயத்தன்று ஏரிக்கரை முழுக்க ஜனம். கரை இறங்குமிடத்துக்கு நேரே என் மனைவியும் மச்சானும் நின்றார்கள். கிளம்பும் கோட்டில் இடது காலுக்கு அடியில் ஒரு செங்கல்லைப் போட்டு அதன்மேல் ஊன்றி நின்றேன். கொடி விழுந்தது. புழுதியில் முன்னால் போகிறவனின் முதுகுகூடத் தெரியவில்லை. சத்தத்தை வைத்துத்தான் ஓட்டினேன். முதல் முறை கரை வந்தது. ஏறினேன். தரை போய்விட்டது. ஏரியும் ஜனமும் காலுக்குக் கீழே இருந்தன. பிறகு பின்சக்கரம் தொட்டது. ஸ்பிரிங் உள்ளே போனது, போனது, இன்னும் போனது. அப்புறம் நிதானமாக எழுந்தது. வண்டி நேராக ஓடிக்கொண்டிருந்தது. நான் அதன்மேல் இருந்தேன்!

அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் கரை எப்போது வரும் என்று காத்திருந்தேன். எத்தனையாவதாக வந்தேன் என்று கேட்காதீர்கள். எனக்கு முன்னால் சிலர் போனார்கள். போகட்டும்.

முடிந்ததும் வண்டியை நேராக என் மனைவியிடம் விட்டேன். முகம் முழுக்கப் புழுதி, பல் மட்டும் வெளியே தெரிந்திருக்கும். "பாத்தியா? பாத்தியா?" என்று கத்திக்கொண்டே அவள் முன்னால் பிரேக் பிடித்து நிறுத்தி, இடது காலைக் கீழே விட்டேன்.

தரை இல்லை. செங்கல் கிளம்பிய இடத்தில் கிடந்தது. கால் தேடிக்கொண்டே போக, நானும் வண்டியும் மெதுவாக, எல்லோரும் பார்க்கும்படி நிதானமாகச் சாய்ந்து, அவள் காலடியில் விழுந்தோம்.

சுற்றி நின்ற ஜனம் சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. விழுந்தால் விட்டுவிடுகிறேன் என்று சொன்னவன் நான்.  அவள் இடுப்பில் கை வைத்துக் குனிந்து என்னைப் பார்த்தாள்.

"ஓட்டும்போது விழல. நின்னதுக்கப்பறம் விழுந்தது கணக்குல வராது" என்றாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "அண்ணே, அடுத்த வருசத்துக்கு இவரு செருப்புக்கு அடியில ஒரு கட்டையத் தச்சு வுடு" என்றாள்.

வண்டி காலின் மேல் கிடந்தது. சைலன்சர் சுட்டது. யாராவது தூக்குங்களேன் என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. 'அடுத்த வருசத்துக்கு' என்று அவள் சொன்னதையே கேட்டுக்கொண்டு கிடந்தேன்.