பரோனேசாவின் கழுத்துக்கட்டை

அந்தக் கழுத்துக்கட்டையைச் செய்துகொடுத்தவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊரே சொல்லும்.

டோர்வலீனா என் பக்கத்து வேலிக்காரி. வாய் நீளம். ஆனால் யார் வீட்டு ஆடு குட்டி போட முடியாமல் தவித்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பாள். பல வருடம் சாவோ பாலோ நகரத்தில் வீட்டுவேலை செய்தவள். கணவன் எலிசெயுவைப் பாம்பு கடித்ததும் ஊர் திரும்பி, அவன் விட்டுப்போன ஆடுகளை ஒற்றை ஆளாக வளர்த்தாள்.

பாயியா மாநிலத்தின் இந்த முள்காட்டில் மழை பொய்த்து இரண்டாம் வருடம் நடந்தது. ஆடுகள் அட்டைப்பெட்டியை மென்றன. சனிக்கிழமை ஆட்டு வியாபாரியின் லாரி வரும், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகும் என்று பேச்சு முடிந்திருந்தது.

"அப்புறம் என்ன அண்ணே, மறுபடியும் எவளோ ஒருத்தியோட எச்சித்தட்டைக் கழுவ வேண்டியதுதான்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இந்த லட்சணத்தில், கிழட்டு ஆடு பரோனேசா தினமும் கிழக்கு வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடும். பின்னாலேயே மொத்த மந்தையும் ஓடும். வேலி தாண்டும் ஆட்டுக்கு இங்கே ஒரே வைத்தியம்தான். மூன்று கம்பை முக்கோணமாகக் கட்டிக் கழுத்தில் மாட்டிவிடுவோம். எந்த இடுக்கிலும் நுழைய முடியாது. நல்ல கெட்டிக் கம்பாகப் பார்த்துச் செய்துகொடுத்தேன். பெருமை வேறு.

வியாழக்கிழமை காலை பார்த்தால், கட்டை வேலியில் மாட்டி, கழுத்துத் தோல் உரிந்து ரத்தம். அப்போதும் கிழக்கே தள்ளிக்கொண்டு நிற்கிறது.

டோர்வலீனா கட்டையைக் கழற்றி என்மேல் எறிந்தாள். "போடி, எங்க சாகணுமோ அங்க போய்ச் சாவு!"

"மந்தையும் போயிரும்மா. லாரிக்காரனுக்கு என்ன பதில் சொல்லுவ?"

"உன்னைப் பிடிச்சு ஏத்தி அனுப்புறேன். வா, பின்னாடியே போவோம்."

அரிவாளை எடுத்துக்கொண்டாள். திரும்ப மாட்டலாம் என்று கட்டையை நான் தோளில் போட்டுக்கொண்டேன். ஆடு ஒரு இடத்திலும் தயங்கவில்லை. கல்மேடு ஏறி, மணல் ஓடை இறங்கி, உச்சிவெயில் வரை நடந்தது. நான் ஒருநாளும் கால் வைக்காத ஒரு பள்ளத்தில் போய் நின்றது.

பள்ளம் முழுக்க மண்டகாரு கள்ளி, ஆள் உயரத்துக்குமேல் பச்சையாக. ஒவ்வொன்றிலும் பழைய அரிவாள் வெட்டு, வெட்டிய இடத்தில் புதுக் கிளை. நடுவே கரி படிந்த பாறை. யார் வெட்டு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஏழு வருடம் முன்பு வந்த பஞ்சத்தில் ஊர் ஆடெல்லாம் செத்தபோது எலிசெயுவின் ஆடுகள் மட்டும் பிழைத்தன. எப்படி என்று கேட்டால், "ஏதோ பொழச்சுது" என்பான். சொன்னால் நானும் வந்து வெட்டுவேன் என்று பயந்திருப்பான். வெட்டியிருப்பேன்தான். அன்றைய மந்தையில் இன்று மிச்சம் இந்தக் கிழடு ஒன்றுதான்.

பரோனேசா கள்ளிப் பக்கம் போகவே இல்லை. அந்த முள்ளில் எந்த ஆடு வாய் வைக்கும்? கரிப்பாறைக்கு முன்னால் போய், கால்களை ஒடுக்கிக் காத்து நின்றது.

"அவர் இங்கதான் முள்ளைப் பொசுக்கி ஆட்டுக்குப் போட்டிருக்காரு அண்ணே" என்றாள் டோர்வலீனா.

அவள் கள்ளியை வெட்டினாள். நான் சருகு கூட்டித் தீ வைத்தேன். முதல் விறகு என் தோளிலேயே இருந்தது. நன்றாக எரிந்தது, கெட்டிக் கம்பு அல்லவா.

புகை எழுந்ததும் பரோனேசா ஒரு குரல் கொடுத்தது. முள் கருகிய துண்டுகளைப் போட்டதும் மற்ற ஆடுகள் முண்டியடித்தன. அது மட்டும் தின்னாமல், டோர்வலீனாவுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தது, இன்னும் யாரோ வரவேண்டியிருப்பதுபோல.

அவள் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு துண்டை வாயருகே நீட்டினாள்.

"இனிமே நான்தான்டி வருவேன். தின்னு."