பிள்ளைச்சாவடியில் பார்த்த கார்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்க வருகிறவர்கள் முதலில் பெயிண்டைப் பார்ப்பார்கள். நான் பானட்டின் மேல் கையை வைப்பேன். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறிப்போன எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் அதன் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறும்.

முத்தியால்பேட்டையில் என் ஒர்க்‌ஷாப்புக்கு அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருப்பவர் நூர்ஜஹான். கணவருக்கு டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய்விடலாம். திரும்பும்போது அந்த மனிதரால் நிற்கக்கூட முடியாது. அதற்காகவே நூர்ஜஹான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரு சின்ன காராகத் தேடினார். வாங்குவது சொதப்பினால் இன்னொன்று வாங்க வழியில்லை. பிள்ளைச்சாவடியில் ஒரு கார் இருக்கிறதென்று என்னைக் கூட்டிப் போனார்.

விற்பவர் கலியபெருமாள், கடலுக்குப் போகிறவர். பானட் சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் பண்ணியதும் வண்டி குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி உதறியது. மிஸ்ஸிங், ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. அவர் எதையும் மறைக்கவில்லை.

"எஞ்சின் போயிடுச்சி போல பாய். பாத்து குடுக்கறத குடுங்க," என்றார். முகம் செத்துப்போயிருந்தது.

டிப்ஸ்டிக்கை உருவினேன், ஆயில் சுத்தம். சைலன்சரில் நீலப் புகை இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றப் போனால், அது உட்காரும் குழியில் தண்ணீர் நிற்கிறது. விசாரித்தேன். கரைக்கு வந்ததும் போட் எஞ்சினை உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவுவது அவர்கள் வழக்கம். அதே அக்கறையில் மனிதர் இந்தக் கார் எஞ்சினுக்கும் தினமும் ஹோஸ் பிடித்திருக்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, எஞ்சினின் உள்பலத்தைக் காட்டும் கம்ப்ரஷனை அளந்து பார்த்தேன். அருமையாக இருந்தது. துருப்பிடித்த பிளக்கை மாற்றினால் போதும்.

எங்கள் தொழிலில், வண்டியைப் பார்த்துக் கண்டுபிடித்ததை, வாங்குகிறவரிடம் தனியாகத்தான் சொல்வோம். நூர்ஜஹானை ஓரமாக அழைத்து, எஞ்சினில் கோளாறு ஒன்றுமில்லை, விற்பவருக்கு அது தெரியாது, பேசாமல் அடிமாட்டு விலைக்கு முடித்துவிடலாம் என்றேன். மிச்சமாகும் பணம் மருந்துக்கு ஆகும். நூர்ஜஹான் காரின் பின்கதவைத் திறந்து சீட்டைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரர இதுலதாண்ணே ஏத்திட்டு போவணும். வண்டிக்காரர்கிட்டயும் சொல்லிடுங்க."

விற்க மாட்டேன் என்று கலியபெருமாள் சொல்லிவிட்டால்? இருந்தாலும் சொன்னேன்.

"அப்ப நான் கெடுக்கலியா பாய்?" கலியபெருமாள் திரும்பத் திரும்ப இதையே கேட்டார். பிறகு, நல்ல வண்டிக்கு என்ன விலையோ அதைக் கேட்டார். நூர்ஜஹானால் முடிந்த கடைசி அளவு அது. முகம் சுளிக்காமல் ஒத்துக்கொண்டார்.

பிளக் பார்க்க யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். அந்த மனசு யாருக்கு வரும்? அன்றோடு நான் ஓரமாக அழைத்துப் பேசுவதை விட்டேன். இப்போதெல்லாம் விற்பவர், வாங்குபவர் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டுதான் வாயைத் திறக்கிறேன். சில புரோக்கர்கள் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டும்.