போட்டோவுக்குக் கீழே பாசி

எங்கள் தொழிற்சாலையில் பொறுப்பாளர் இல்லாத இடமே கிடையாது. தண்ணீர் குடிக்கும் இடம், செருப்பு விடும் இடம், தீயணைப்பு வாளி தொங்கும் சுவர் என்று எதை எடுத்தாலும் பக்கத்தில் ஒரு சிறு பலகை நிற்கும். அதில் யாராவது ஒருவரின் போட்டோ, பெயர், பணி எண். இடம் அழுக்காக இருந்தால் போட்டோவில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்தது ஒரு கல்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஜப்பானியக் கம்பெனி அது. அலுவலகத்துக்கு முன்னால், கம்பெனி தொடங்கிய காலத்திலேயே ஒரு ஜப்பானியத் தோட்டம் போட்டிருந்தார்கள். வெள்ளைப் பொடிக்கல் பரப்பி, தினமும் காலையில் பல் வைத்த பலகையால் அதில் அலை அலையாகக் கோடு இழுப்பார்கள். ஒரு கல்விளக்கு, ஒரு மூங்கில் புதர், மூன்று பெரிய கற்கள். இரண்டு கற்களின் அடியில் பச்சைப் பாசி மெத்தை மாதிரி படர்ந்திருக்கும். மூன்றாவதன் அடியில் மட்டும் எதுவும் தங்காது. மலைப்பகுதியிலிருந்து பெட்டியில் வரவழைத்துப் பதித்தாலும் பத்து நாளில் கருகிவிடும்.

நான் தர ஆய்வு லேபில் பயிற்சியாளர். கெமிஸ்ட்ரி படித்த பெண்தானே, பாசிக்கு என்ன கேடு என்று பார்க்கட்டும் என்று சொல்லி லேப் சார் மூன்றாவது கல்லுக்குப் பக்கத்தில் என் போட்டோவை நட்டுவிட்டார். ஒரு வருடப் பயிற்சி முடியும்போது ஜப்பானியத் தலைவர் சுற்றி வருவார். குறை உள்ள இடத்தில் சிவப்புச் சீட்டு ஒட்டுவார். சீட்டு விழாதவர்களுக்கு வேலை நிரந்தரம். விழுந்தவர்களுக்கு இன்னும் ஆறு மாதம் பயிற்சி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், கல்லூரிக்கும் போனவள். ஒரு கல்லிடம் தோற்பதாக இல்லை.

பாசி ஏன் கருகுகிறது என்று கண்டுபிடிக்க முதலில் கூட்டம் போட்டார்கள். எங்கள் கம்பெனி வழக்கப்படி ஒரு பிரச்சினைக்கு ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனுக்கு, கல் தெற்குப் பார்த்து இருப்பதால் என்று செக்யூரிட்டி அதிகாரி பதில் எழுதினார். பச்சை பெயின்ட் அடித்துவிடலாம் என்ற யோசனைக்கு இரண்டு பேர் கை தூக்கினார்கள். கடைசியில் பிளாஸ்டிக் புல் மிதியடி ஒன்றை வெட்டிக் கல்லைச் சுற்றி வைத்தார்கள். ஜப்பானியத் தலைவர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். மறுநாள் மிதியடி இல்லை.

நான் தண்ணீரைப் பார்த்தேன். மூன்றாவது கல்லின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதற்கு ஊற்றும் போர்வெல் தண்ணீர் அப்படி, சோப்பு நுரைக்காது. மற்ற இரண்டு கற்களின் மேலும் அலுவலக ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதை லேபில் சோதித்தேன், உப்பே இல்லை. ஒரு குழாயை நீட்டி ஏசித் தண்ணீரை மூன்றாவது கல்லுக்கும் கொண்டுபோனேன். மூன்று மாதத்தில் பாசி பிடித்தது. தூசி படிந்தால் ஈரத்துணியால் குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல ஒற்றி எடுப்பேன்.

தவறு என்மேல்தான். வீட்டில் பெருமையடித்தபோது, கம்பெனி வாசலிலேயே என் போட்டோ வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். பாசியைப் பற்றிச் சொல்லவில்லை.

தலைவர் சுற்றி வரும் நாளும் குடும்ப நாளும் ஒன்றாக வந்தது. பகலில்தான் வயல் மோட்டாருக்குக் கரன்ட் என்பதால் நைனா வரவில்லை. அம்மா மட்டும் ஊத்துக்கோட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்தார். வந்தவர்களுக்கெல்லாம் இளநீரும் பாக்குமட்டைத் தட்டில் சாப்பாடும் கொடுத்தார்கள். நான் லேபில் மற்றவர்களின் குடும்பங்களுக்குக் கருவிகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அம்மா மூன்றாவது கல்லுக்கு முன்னால் புடவையைச் செருகிக்கொண்டு குந்தியிருந்தார். கையில் இளநீர் மட்டையிலிருந்து உரித்த நார். கோடு இழுத்த பொடிக்கல்லை அள்ளிப் போட்டுத் தேய்த்ததில் கல் பளபளவென்றிருந்தது. பாசி முழுவதும் பாக்குமட்டைத் தட்டில் குவிந்து கிடந்தது.

"இன்னாடி, இவ்ளோ பெரிய கம்பெனி, உன் போட்டோக்குக் கீழ பாசி புடிச்சிக்கினு கீது. எவனாவது வழுக்கி உழுந்தா உன்னதான கேப்பாங்க?"

"யம்மா, அது நான் வளத்தது."

"பாசியயா?"

"மூணு மாசமா."

அம்மா கையிலிருந்த நாரைக் கீழே போட்டார். "இதுக்கா உங்க நைனா உன்ன காலேஜுக்கு அனுப்பிச்சாரு?"

தலைவர் கல்விளக்கு வரை வந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். நான் பாசியைத் துண்டு துண்டாக எடுத்து வைத்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. அம்மா என்னைத் தள்ளிவிட்டு, தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கைப்பிடி கைப்பிடியாக உருட்டிக் கல்லின் அடியில் வரட்டி தட்டுவதுபோல் பட்பட்டென்று அடித்தார். எல்லாம் ஒட்டிக்கொண்டன. தலைவர் வந்து நின்றபோது, கல்லைச் சுற்றி ஒரே அளவில் பதினோரு பச்சை வரட்டிகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் ஐந்து விரல் தடத்தோடு.

அவர் குனிந்து பார்த்தார். இது எந்த ஊர் முறை என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பிறகு அம்மாவிடம், ஏன் சுத்தம் செய்தீர்கள் என்று கேட்டார். அம்மா எழுந்து நின்று, ஈரக் கையால் பலகையைக் காட்டினார்.

"இது என் பொண்ணு சார்."

அது ஜப்பானிய மொழிக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. தலைவர் போட்டோவைப் பார்த்தார், அம்மாவின் கையைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து சிவப்புச் சீட்டை எடுத்தார். அவர் அதைக் கல்லில் ஒட்டவில்லை. என் போட்டோவுக்கு மேலே பலகையில் ஒட்டினார். காரணம் என்ற கட்டத்தில் எழுதியது இதுதான்: பொருள் தவறான இடத்தில் உள்ளது.

பலகையில் விழுந்த சீட்டு என் இடத்தில் விழுந்ததாகுமா என்று மனிதவளத் துறையும் லேப் சாரும் இரண்டு நாள் வாதாடினார்கள். பலகைகள் பராமரிப்புத் துறைக்குச் சொந்தம் என்று ஒரு பழைய சுற்றறிக்கை கிடைத்தது. சீட்டு அவர்கள் கணக்கில் போனது. எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. தடுப்பு நடவடிக்கை அறிக்கையை மட்டும் நான் எழுத வேண்டியிருந்தது. பாசி ஏன் போனது, தேய்த்ததால். ஏன் தேய்த்தார்கள், போட்டோ இருந்ததால். இரண்டே ஏனில் முடிந்த அறிக்கை எங்கள் கம்பெனியில் அது ஒன்றுதான்.

ஏசித் தண்ணீரில் வரட்டிகள் பிழைத்துக்கொண்டன. ஓரங்கள் சேர்ந்துவிட்டன, விரல் தடங்கள் மட்டும் இன்னும் பள்ளமாகத் தெரிகின்றன. என் போட்டோவைத் தீயணைப்பு வாளிச் சுவருக்கு மாற்றிவிட்டார்கள். அம்மா போனில் முதலில் கேட்டது, அங்க சுத்தமா கீதா என்றுதான். இருக்கிறது என்றேன். இப்போது தினமும் காலையில் அந்த வாளிகளை நானே துடைக்கிறேன். அடுத்த குடும்ப நாளுக்கு நைனாவையும் கூட்டி வருவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.