பழைய சத்தம்: பூஜ்யம்

எங்கள் ஆபீசில் பெரியவர் என்றால் கிழவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆளுக்கு முப்பத்தெட்டு வயதுதான். பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த அவருடைய அப்பா, "டேய் பெரியவனே, மூத்திரம்டா!" என்று கத்தியது ஒருநாள் அவர் கம்ப்யூட்டரிலிருந்து எட்டு சீட்டுக்குக் கேட்டுவிட்டது. அன்றைக்கு வைத்த பெயர். வைத்தவன் நான்தான். அதில் எனக்குப் பெருமை வேறு.

வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று போன் செய்பவர்களிடம் திட்டு வாங்குவதுதான் எங்கள் வேலை. பெரியவர் வீட்டில் அவரும் அப்பாவும் மட்டும். பகல் ஒரு மணிக்கு ஓர் அம்மா வந்து சோறு ஊட்டித் துணி மாற்றிவிட்டுப் போவார். மற்ற நேரத்துக்குக் கட்டிலோரம் ஒரு மலிவான மைக். படமெல்லாம் வராது, சத்தம் மட்டும் இங்கே ஒரு செயலியில் கேட்கும். அப்பா கூப்பிட்டால் பெரியவர் பர்மிஷன் கெஞ்சி வாங்கிக்கொண்டு பைக்கில் ஓடுவார். பத்து நிமிட தூரம்.

வந்தது வினை. எங்கள் கால் எல்லாம் பதிவாகும், கம்ப்யூட்டரில் ஓடும் மற்ற சத்தத்தையும் சேர்த்து. டீம் லீடர் ஒருநாள் அத்தனை பேர் முன்னாலும் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார்.

"கஸ்டமரம்மா தண்ணி ஒழுகுதுங்கறாங்க, உங்கப்பாவும் அதையேதான் சொல்றாரு. நான் யாருக்குய்யா மெக்கானிக் அனுப்பறது?"

ஆபீசே சிரித்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "இன்னொரு தடவ இது கேட்டுச்சுன்னா, நீங்க வீட்லயே உக்காந்து அப்பாவ நேர்ல கேட்டுக்கலாம்" என்று முடித்தார் அந்த மகாராசன்.

மறுநாள் பெரியவர் திரையில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து வைத்து, மவுசைத் தொடாமல் என்னவோ தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே, மந்திரமா?"

"மொத்தச் சத்தத்தையும் குறைச்சா கஸ்டமர் பேசறதும் கேக்காதுல்ல? அதான் ஒவ்வொரு செயலியையும் பேர் சொல்லித் தனித்தனியா குறைக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதறேன். கால் வந்தா அப்பா மட்டும் பூஜ்யம். கால முடிச்சதும் பழைய சத்தத்துக்கே வந்துரும்."

"பழைய சத்தம் எவ்வளவுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"குறைக்கறதுக்கு முன்னாடி ஒரு ஃபைல்ல எழுதி வச்சுக்கும். முடிஞ்சதும் கடைசி வரியப் பாத்துத் திருப்பி வைக்கும். நாலு நிமிஷம் அப்பா பொறுத்துக்க மாட்டாரா?"

பன்னிரண்டே வரி. கடிகாரம் மாதிரி ஓடியது. பையன்கள் பாட்டுக் கேட்கும் சத்தமும் பதிவில் விழுகிறது என்று டீம் லீடர் புலம்பிக்கொண்டிருந்தார். பெரியவர் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் அந்த ஸ்கிரிப்டை நகலெடுத்துக் கொண்டுபோய் டீம் லீடரிடம் கொடுத்தேன். எனக்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டியிருந்தது. கிடைத்தது.

"பெரியவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிரலாமா சார்?"

"எதுக்கு? அப்புறம் நான் எழுதினதுன்னு தோள்ல ஏறி உக்காருவான்."

ஒருநாள் பகல், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அதை எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டார். மைக் செயலிக்குப் பதில், கால் தவிர எல்லாச் செயலியையும் குறைக்கும்படி ஒரு வரியை மாற்றியிருந்தார், அவ்வளவுதான். பெரியவருடையதிலும் ஏறியது. அதில் இப்போது இரண்டு ஸ்கிரிப்ட், எழுதுவது ஒரே ஃபைலில். கால் வந்ததும் முதலாவது "பழைய சத்தம் 80" என்று எழுதி அப்பாவைப் பூஜ்யமாக்கியது. உடனே நகல் எழுந்து பார்த்து, "பழைய சத்தம் 0" என்று அதன் கீழே எழுதியது. கால் முடிந்ததும் இரண்டும் கடைசி வரியைப் பார்த்து மிக விசுவாசமாகப் பூஜ்யத்தையே வைத்தன.

நாலு மணிக்குப் பெரியவர் நாற்காலியில் சாய்ந்தார். "இன்னைக்கு அப்பா சமத்தாத் தூங்கறாரு போல."

"கொடுத்து வச்ச ஆளு பெரியவரே நீங்க" என்றேன். சிரித்தார். பாவி மனுஷன், அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பர்மிஷன் கேட்காமல் ஷிப்டை முடித்தார். டீம் லீடர் முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

சோறு ஊட்டிய அம்மா போன சிறிது நேரத்திலேயே அப்பா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்திருக்கிறார். பெரியவர் வீட்டுக்குப் போகும்போது உடம்பு சில்லிட்டுக் கிடந்தது.

ஒரு வாரம் கழித்து, சனிக்கிழமை, வேலைக்கு வந்தார். யாரும் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அந்த மைக் செயலி எல்லாத்தையும் பதிஞ்சு வச்சிருக்குங்க. முழுசாக் கேட்டேன். மூணு மணி வரைக்கும் கூப்பிட்டிருக்காரு. மொதல்ல திட்டறாரு. அப்புறம் திட்டக்கூட இல்ல. 'வேலையா இருக்கியாடா பெரியவனே'ன்னு கேக்கறாரு. அப்புறம் ஒண்ணுமில்ல."

என் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஃபைலைத் திறந்தார்.

"இந்த ஃபைலப் பாருங்க. ஒரே நொடில ரெண்டு ரெண்டு வரி விழுந்திருக்கு. நான் எங்கயோ தப்பா எழுதித் தொலைச்சிருக்கேன். எவ்வளவு தேடியும் புடிபடல. நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

பன்னிரண்டு வரியையும் படித்தேன். ஒரு குற்றம் குறை இல்லை. கண்ணாடி அறைக்குள் டீம் லீடர் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் என் வேலையும் போகும், அந்த டீம் லீடரும் சும்மா விடமாட்டான். அதெல்லாம்கூடச் சாக்குதான். பயம், வேறென்ன.

"இதோ, இந்த ஏழாவது வரி" என்று விரலை வைத்தேன்.

அந்த வரியை அவர் வெகுநேரம் பார்த்தார். "ஆமாங்க" என்றார். "இத நான்தான் எழுதினேன். என் கையால நானே எங்கப்பாவ..." முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு எனக்கு நன்றி சொன்னார்.

மறுநாள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. லீவை நான் எடுத்துக்கொண்டேன்.